வேனுக்கு அடியில் பார்த்த மாப்பிள்ளை

வாடகை வேனில் சுற்றுலா போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பார்கள். நான் அடியில் குனிந்து குழாயைப் பார்ப்பேன், அதுதான் என் தொழில். கற்பிட்டியில் என் முதலாளியிடம் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த வேன்கள் இருக்கின்றன. கக்கூசுக்கு ஒரு தாங்கி, குசினித் தண்ணீருக்கு ஒரு தாங்கி. திரும்பி வந்ததும் இரண்டையும் குழியில் இறக்கிக் கழுவி வைக்க வேண்டும். என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றுகிற அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லாமல் விட்டது

எத்தாளையில் எனக்கு ஒரு பெண் பேசினார்கள். படத்தைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு முன் கேட்ட இரண்டு வீட்டிலும் என் வேலையைக் கேட்டதும் தேத்தண்ணீர்கூடத் தராமல் அனுப்பியிருந்தார்கள். இதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன். நானா என்று நாங்கள் கூப்பிடுகிற கல்யாணத் தரகர் மட்டும் கவலைப்படவில்லை. வேனுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு என்னை நிறுத்திப் படம் எடுத்தார். மாப்பிள்ளை சுற்றுலாத் துறையில் இருக்கிறார் என்று பெண் வீட்டில் சொல்லிப் படத்தையும் கொடுத்துவிட்டார். இது பொய்யில்லையா என்று கேட்டேன்.

"பொய் எங்க தம்பி சொன்னன்? வேன்ட முன்பக்கத்தச் சொன்னன், பின்பக்கத்தச் சொல்லல்ல."

கடதாசியும் தண்ணீரும்

வெள்ளைக்காரர்கள் எடுத்துப் போன வேன் திரும்பினால் தாங்கி பாதிகூட நிறைந்திருக்காது, ஆனால் துடைத்துப் போட்ட கடதாசி அடைத்துக் கிடக்கும். குழாயை விட்டுக் குத்திக் குத்தித் தோள் கழன்றுவிடும். நம்முடைய ஆட்கள் எடுத்துப் போனால் அடைப்பே இராது. ஆனால் கழுவுகிற கழுவலில் அனுராதபுரம் போய்ச் சேரமுன் தாங்கி நிறைந்து, முதலாளிக்குப் போன் வரும். ஒருநாள் இரண்டு வேனும் ஒன்றாக வந்து நின்றன. முதலாளி மூக்கைச் சால்வையால் மூடிக்கொண்டு இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அவங்க அடைக்கிறாங்க, நாங்க நெரப்புறோம். அப்ப இந்தக் கக்கூசச் செஞ்சவன் யாருக்குத்தான் செஞ்சான்?"

வர வரப் போகட்டும்

போன மாதம் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் குடும்பத்தோடு நுவரெலியா போய்த் திரும்பினார். வேனுக்குப் பக்கத்தில் போகமுடியவில்லை. போன இடத்தில் குழாயைக் குழிக்குள் விட்டு, வால்வை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கிறார். நஜீசை, அதாவது அசுத்தத்தை, ஏன் கூடவே வைத்திருப்பது, வர வரப் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான். தண்ணீர் மட்டும் ஓடிவிட்டது. மற்றது உள்ளேயே தங்கிக் காய்ந்து இறுகிவிட்டது. அந்த நாற்றத்துக்கு ஒரு போத்தல் அத்தரை வேறு ஊற்றியிருந்தார். அந்தக் கலவையை என்னால் எழுதிக் காட்ட முடியாது, நீங்களும் கேட்காதீர்கள்.

வால்வை மூடி, தாங்கி நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்தேன். பிறகு கக்கூஸ் தாங்கியை முதலில் இறக்கினேன். குசினித் தண்ணீரைப் பிறகுதான் விட வேண்டும், அதுதான் குழாயைக் கழுவும். கையுறையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவி, நகத்தையும் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால், அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போட்டோவில கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ட மாப்பிள நீங்கதானே? எத்தாளையில இருந்து ஒங்களப் பாக்கத்தான், மகன், நாங்க வேன் எடுத்த. மகளும் உள்ளுக்குத்தான் இரிக்கிறா."

ஜன்னல் திரை

வேன் ஜன்னலில் திரை அசைந்தது. என் காலில் சேற்றுச் சப்பாத்து, உடம்பில் அத்தர் வாசம். அவர்கள் போன பிறகு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக என் வேலையை வெறுத்தேன். மூன்றாவது வீடும் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது தரகர் நானா சிரித்துக்கொண்டு நின்றார். பெண் தன் வாப்பாவிடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"வாப்பா, நீங்க செஞ்ச வேலைக்கு அவர் ஒரு வார்த்த ஏசல்ல. எங்கட வீட்டு ஆம்புளைகள் யாரும் இப்பிடிக் கை கழுவி நான் கண்டதுமில்ல. ஓம் என்டு சொல்லுங்க."

நிக்காஹ் முடிந்த மறுவாரத்திலிருந்து எங்கள் வீட்டுச் சட்டி பானையும் என் பொறுப்பு. கழுவுவதைப் பார்த்து மாப்பிள்ளை எடுத்தவர்கள் வேறென்ன வேலை தருவார்கள்?