வெர்ஷன் ஏறியது, மகள் வரவில்லை

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகள் ஜெனி போனை லேப்டாப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வெளியே போனாள். கடைக்கு என்று நினைத்தேன். தட்டில் போட்ட சாதம் அப்படியே இருந்தது.

தாயில்லாப் பெண். அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து சில மாதங்கள்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்பெனியின் உதவிப் பக்கங்களை மொத்தமாகத் தயாரித்து இணையதளத்தில் வைக்கும் ஒரு புரோகிராம் அவள் பொறுப்பு. அது பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பழைய வெர்ஷனில்தான் ஓடும். புதிய வெர்ஷன்களிலும் ஓட வைக்க வேண்டும். அன்று சாயந்திரம் கம்பெனியில் பழையதை எடுத்துவிடுவார்கள். அப்படி ஓட்டிப் பார்ப்பதை 'பில்ட்' என்பாள்; வாரம் முழுக்கத் திரையில் பிழை காட்டும் சிவப்பு வரிகள்.

"எங்க உடையுதுன்னே தெரியலப்பா. நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று காலையில் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு நினைவுக்கு வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.

பூந்தமல்லித் தெருக்களில் மழையோடு தேடினேன். மாங்காட்டில் சிநேகிதி வீட்டிலும் இல்லை. திரும்பி வந்து கட்டிலருகே முழங்காலில் நின்றேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரிந்த வார்த்தையில் கேட்டேன்: "ஆண்டவரே, அந்த வெர்ஷன் ஏறட்டும். அது ஏறிவிட்டால் என் பிள்ளை வந்துவிடும்."

நான் எழுந்திருக்கும் முன்பே அவள் போன் அடித்தது. அவளுடைய டீம் லீட்.

"அங்கிள், ஜெனி எங்க? பில்ட் பாஸ் ஆயிடுச்சுன்னு சொல்லுங்க! புதுசுலயும் ஓடுது, பழசுலயும் ஓடுது. அவ எழுதினது காலையிலேயே கரெக்ட்தான். அதுல சேர்த்திருக்கிற, வெளியாள் செஞ்ச ஒரு குட்டி புரோகிராம், பிளகின், அதுதான் புதுசுக்கு ஒத்து வரல. இப்பதான் அதைச் சரிபண்ணி விட்டிருக்காங்க. ட்ரீட் கேட்டேன்னு சொல்லுங்க!"

கேட்டது அப்படியே கிடைத்தது. வீடு காலியாக இருந்தது. நல்ல செய்தி என்னிடம், அதைக் கேட்க வேண்டியவள் இல்லை. அப்படியொரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. மறுபடி விழுந்தேன். "வேலை போகட்டும் ஆண்டவரே. எல்லாம் உடையட்டும். அவளை மட்டும் கொடும்."

அழுதுகொண்டே கிடந்தபோது வாசலில் ஆட்டோ ஹாரன். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் முருகன். பின் சீட்டில் நனைந்துபோய் ஜெனி.

"இன்னா அண்ணாத்தே, பொண்ண உட்டுட்டு ஊட்ல குந்திகினு கீறியா? சென்னீர்குப்பத்தாண்ட ஹைவே ஓரமா நின்னுகினு இருந்துச்சு. லாரி ஒரசிகினு போவுது, கூப்ட்டா திரும்பல. 'ஏறும்மா, மீட்டர் போட்டே ஓட்றேன்'னேன். அதுக்குத்தான் சிரிச்சுது."

தலை துவட்டிவிட்டேன். "பில்ட் போச்சுப்பா" என்றாள்.

"போகட்டும்மா. சாப்பிடு."

செய்தியைச் சொல்லவில்லை. பில்ட் ஓடியதால்தான் அப்பா சேர்த்துக்கொண்டார் என்று அவள் ஒரு நொடிகூட நினைக்கக் கூடாது. தட்டு காலியான பிறகுதான் போனை நீட்டினேன்.

இப்போது அவளை மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். பயம் இன்னும் போகவில்லை. குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் கதவைத் தட்டிவிடுகிறேன். "அப்பா, ஷாம்பு போடுறேன்!" என்று உள்ளிருந்து கத்துகிறாள். அந்தக் கத்தலுக்காகவே ஒவ்வொரு முறையும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அன்பானவர்களே, பிள்ளைகளுக்காக மார்க்கும் வேலையும் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் பிள்ளையைக் கேளுங்கள். அவர் தருவார். என் மகள் உள்ளறையில் டைப் அடிக்கும் சத்தம் கேட்கிறது.