கோபுர வீட்டின் பாதக்கல்

இக்குறிப்பு கைக்குக் கிடைக்கும் மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களே,

நம் தீவின் நாலந்தாவுக்கு அப்பால், எங்கள் மிளகுத் தோட்டத்தின் எல்லையில், கூரையற்ற கோபுர வீடு ஒன்று நிற்கிறது. முற்காலத்துச் சிற்றரசன் ஒருவன் பகைவருக்கு அஞ்சி, ஒருவர் குனிந்து நுழையுமளவு வாசலை வைத்து, மேல்மாடியில் குடியிருந்த இடம் அது. இன்று மூன்று சுவர்களும், அவற்றைத் தாங்கிப் பிடித்திருக்கும் ஆலமரமும் எஞ்சியுள்ளன.

மேலேயிருந்து விழுந்த கல்லொன்றில் இரண்டு பாதங்களின் வடிவம் செதுக்கப்பட்டிருந்தது. இடையே ஒரு துளை. அதை அரசனின் திருப்பாதம் என்று முதலில் அறிவித்தவன் அடியேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் எனினும் நூல்கள் பல வாசித்தவன் என்பதால், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து மக்கள் நம்பினார்கள். ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு மறுநாள் அக்கல்லுக்கு மாலையிட்டு, அருகிலேயே சர்க்கரைப் பொங்கல் படைத்து, பால் ஊற்றினேன். எவ்வளவு ஊற்றினாலும் ஒரு சொட்டும் தேங்காது. அரசன் ஏற்றுக்கொள்கிறான் என்று விளக்கமும் அளித்தேன்.

சென்ற மார்கழியில், அறிவிப்புப் பலகை வைப்பதற்காகத் தொல்பொருள் அலுவலர் அம்மையார் ஒருவர் அளவெடுக்க வந்தார். கல்லைக் கண்டார், காய்ந்த மாலையைக் கண்டார், என்னையும் கண்டார். பின்னர் சிங்களத்தில், மிகத் தணிந்த குரலில் சொன்னார்:

"ஐயா, இது மேல்மாடிக் கக்கூஸ் கல். கால் வைக்கத்தான் அந்த ரெண்டு இடம். துளை எதுக்குன்னும் நான் சொல்லணுமா?"

வேண்டாம் என்றேன்.

பலகை பொங்கலுக்கு முன் வரும். மூன்று மொழிகளிலும் வரும். மக்கள் அதை வாசித்து அறிந்தால், நான் இத்தனை ஆண்டுகள் சொன்ன சரித்திரத்தை இனி யார் மதிப்பார்? நானே முந்திக்கொள்வதெனத் தீர்மானித்து, அன்று மாலையே அனைவரையும் லயத்து வாசலில் கூட்டி உண்மையை உரைத்தேன்.

முதலில் பேசியவர் என் மனைவி.

"கல்யாணம் கட்டுன நாளா கேக்குறேன், ராசா காலுக்கு நடுவுல எதுக்கு ஓட்டைன்னு. ஒனக்குப் புரியாதுன்னீங்களே!"

சிரிப்பு அடங்கும்வரை என் தோள்துண்டை மடித்துக்கொண்டு நின்றேன். அதன்பின் ஓய்வுபெற்ற கங்காணி எழுந்தார்.

"அண்ணே, ஒன்னு மட்டும் சொல்லுங்க. ராசா அதுல குந்துனாரா இல்லையா?"

"குந்துனாருதான்."

"அவரு காலுதானே பட்டுச்சு?"

"அவருதுதான்."

"அப்பறம் என்னங்க, ராசா பாதந்தானே? பால ஊத்துங்க. சக்கரைப் பொங்கல மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக் குடுங்க."

அவ்வாறே இந்தப் பொங்கலிலும் ஊற்றினேன். பொங்கலைப் பத்தடி தள்ளி வைத்தோம். பலகையும் வந்துவிட்டது. அதில் கல்லைப் பற்றி இரண்டு வரிகள் உண்டு. பாலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே, இக்குறிப்பைத் தயவுகூர்ந்து பத்திரமாக வைத்திருங்கள்.