வீடுகளுக்கு நடுவே நின்ற தண்ணீர்

செயற்கைக்கோள் படங்களை வைத்து வெள்ளம் சூழ்ந்த இடங்களுக்கு வரைபடம் தயாரிப்பது என் வேலை. மேகம் மூடிய நாட்களில் ரேடார் படம்தான் கைகொடுக்கும். அதில் தேங்கிய நீர் கறுப்பாகத் தெரியும்.

அந்தப் பெருமழையில் அண்ணனின் போன் காலையிலேயே அணைந்துவிட்டது. அவரும் அண்ணியும் இரும்புலியூரில், ஏரிக்குக் கீழே ஒரு நெருக்கமான தெருவில், தரைத்தளத்தில் குடியிருந்தார்கள். மதியம் படம் வந்தது. ஏரியும் வெற்று மனைகளும் கறுத்துக் கிடந்தன. அண்ணன் தெரு மட்டும் வெளிச்சமாக இருந்தது.

"உங்க அண்ணன் ஏரியா டிரைதான் மேடம், பயப்படாதீங்க" என்றாள் பக்கத்து இருக்கையில் வேலை செய்யும் ஜூனியர் பெண்.

எனக்கு ஆறுதல் வரவில்லை. வீடுகள் நெருங்கிய இடத்தில் ரேடார் அலை தண்ணீரில் பட்டு, சுவரில் மோதி, பலமாகத் திரும்பிவிடும். இடுப்பளவு நீர் நின்றாலும் தெரு காய்ந்ததுபோலவே காட்டும். அவளுக்கும் அது தெரியும். என் முகத்தைப் பார்த்ததும் அந்த நேரத்துக்கு மறந்துபோனாள்.

அம்மா போனில் அழுதாள். "மேலேர்ந்து பாக்குறியே, என்னடி தெரியுது?"

"தெருவுக்குள்ள அதுல தெரியாதும்மா. நான் நேர்ல போறேன்."

நானும் கணவரும் ஜிஎஸ்டி சாலை வரை பைக்கில் போய், இறங்கி நடந்தோம். தெருமுனையில் கயிறு கட்டி ஆட்களை வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார் ஓர் ஆட்டோக்காரர்.

"உள்ள போவாதக்கா, மாருமட்டும் தண்ணி கீது."

"எங்க அண்ணன் உள்ள இருக்காரு."

"எந்த வூடு?" என்று கேட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் இறங்கினார்.

எதிர்வீட்டு மாடிப்படியில் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களருகே போர்வை மூடிய ஓர் உடல். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சர். விடியற்காலையில் அண்ணன்தான் அவரை முதுகில் சுமந்து மேலே ஏற்றியிருக்கிறார். கரண்ட் இல்லாமல், அவர் மூச்சுக்கு நம்பியிருந்த ஆக்ஸிஜன் மெஷின் நின்றுபோக, மதியத்துக்கு முன்பே மூச்சு அடங்கிவிட்டது.

"உன் படத்துல எங்க தெரு தெரிஞ்சுதா?" என்றார் அண்ணன்.

"தெரு தெரிஞ்சுது. தண்ணி தெரியல."

அவர் எழுந்து போர்வையை உடலைச் சுற்றிச் செருகினார். பிறகு, "கால் பக்கம் பிடி" என்றார். ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, அண்ணன், நான், கணவர், ஆட்டோக்காரர் என நால்வருமாக டீச்சரை வெளியே கொண்டுவந்தோம். அண்ணி போர்வை நனையாமல் பிடித்தபடி வந்தாள். தண்ணீர் வடிந்தபின் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது.

அடுத்த வாரம் அண்ணியுடன் வீடு வீடாகப் போய், சுவரில் கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று அளந்தேன். டீச்சர் வீட்டில் அது ஜன்னல் விளிம்புக்கு மேலே இருந்தது. அந்தத் தெருவை வரைபடத்தில் கையாலேயே நீலமாக்கினேன். நேரில் பார்க்க முடியாத நெருக்கமான தெருக்களுக்கெல்லாம் சாம்பல் நிறம் கொடுத்து, 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

"இப்படி எழுதிக் கொடுத்தா நம்மள என்ன நினைப்பாங்க?" என்றார் மேலதிகாரி.

"டிரைன்னு நினைக்க மாட்டாங்க சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சாம்பல் தெருக்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.