அயர்லாந்துப் பிரபுவுக்கு ஒரு தாய்மாமன்

சிஞ்ச்வட்டிலிருந்து புனே போகும் காலை லோக்கலில் அவர் எனக்கு எதிரே உட்காருவார். நெற்றியில் விபூதிப் பட்டை, காதில் பென்சில், மடியில் பெரிய தாள். வெளிநாட்டுக் குடும்பங்களின் பழைய பதிவேடுகளைப் பார்த்து வம்சாவளி தயாரித்துக் கொடுக்கும் ஆபீசில் அவருக்கு வேலை. அந்த மாதம் அவர் கையில் சிக்கியிருந்தது அயர்லாந்துப் பிரபு ஒருவரின் குடும்பம். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் விரல்விட்டு முறை பார்த்த பிறகுதான் அடுத்த பெயருக்குப் போவார்.

ஒருநாள் பேயறைந்த மாதிரி இருந்தார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"அநியாயம் சார். நாலாவது பிரபு சித்தப்பா பொண்ணைக் கட்டியிருக்கான். தங்கச்சி முறை! சர்ச்சுல கூடியிருந்தவங்கள்ல ஒருத்தராவது தடுக்க வேணாமா?"

"அவங்க ஊர்ல அது தப்பில்ல சார்."

"அவங்களுக்குத் தப்பில்ல. எழுதுற கை என்னோடதாச்சே!"

அடுத்த வாரம் மலர்ந்த முகத்தோடு பேடாப் பெட்டியை நீட்டினார். பெண்ணின் அப்பாவைச் சித்தப்பா இடத்திலிருந்து தூக்கி, பிரபுவின் அம்மாவுக்குத் தம்பியாகப் போட்டுவிட்டாராம்.

"இப்ப மாமன் மக. அனுப்பியாச்சு. ரொம்ப சந்தோஷம்னு அங்கிருந்து பதிலும் வந்தாச்சு."

நான் பேடாவைத் தின்றேன். வேறென்ன செய்வது? அயர்லாந்தில் ஏதோ ஒரு மாளிகைச் சுவரில் அந்தத் தாள் கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். புனே லோக்கலில் பிறந்த தாய்மாமனை விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.