முதல் பக்கத்தில் யார் படம்?

தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு காலத்தில் தொங்கிய பேனர்களில் பாதி ஜெபசுதாவின் கைவேலை. காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, சர்ச்சில் அசன விருந்து, எதுவானாலும் ஆட்கள் அவள் கடைக்குத்தான் வருவார்கள். நாசரேத்தில் பிறந்து, அங்கேயே டி.டி.பி. என்னும் கணினி அச்சுக்கோப்பு படித்து, துறைமுகத்தில் வேலை பார்க்கும் நேசக்குமாரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். அவளிடம் ஒரு திறமை இருந்தது. அவள் செய்த பேனரிலோ கல்யாணப் பத்திரிகையிலோ யாரும் விட்டுப்போக மாட்டார்கள். தாய்மாமன், சித்தப்பா, துபாய் மச்சான், எல்லாரும் அவரவர் வரிசையில், அவரவர் அளவில் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தாய்மாமன் தலை சித்தப்பா தலையைவிடக் கொஞ்சம் சிறுத்துவிட்டாலும் பந்தியில் இலை விழுவதற்குள் சண்டை விழும் என்பது அவளுக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவளுக்குத் திடீரென்று பேனர் அலுத்துப்போனது. விசேஷம் முடிந்த மறுநாளே ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும் வேலையை எத்தனை நாளைக்குச் செய்வது? வீடியோ பார்த்தும், கோவையில் இருக்கும் ஒரு தோழியை நச்சரித்தும் இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். அச்சு இயந்திரத்தை விற்றாள். கடைப் பெயர்ப் பலகையை மாற்றினாள். அன்றைக்கு நேசக்குமார் சோறு தின்ற விதத்திலேயே அவன் பயம் தெரிந்தது.

முதல் பெரிய வேலையாக வந்தது பால்துரை கலை அறிவியல் கல்லூரியின் இணையதளம். எட்டையபுரம் சாலையில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிற கல்லூரி. கட்டிய பால்துரை இப்போது இல்லை. அவர் மகன் சங்கரலிங்கம்தான் தாளாளர். டவுனில் ஒரு மொத்த வியாபார மளிகைக் கடையும் அவருக்கு உண்டு. சென்ற வருடம் கல்லூரியில் பல வகுப்புகளில் பாதி பெஞ்சு காலி.

"பிளஸ் டூ ரிசல்ட் வாரதுக்குள்ள புது வெப்சைட் வந்திரணும் சுதா. இந்த வருசமும் சீட்டு நிரம்பலன்னா நான் மெட்ராஸ் கம்பெனிகிட்ட போயிருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் அவர்.

இந்த வேலை கைவிட்டுப் போனால் இந்த ஊரில் வேறு யாரும் அவளை நம்பி இணையதளம் தரப் போவதில்லை. மறுபடி இன்னொருத்தர் கடையில் உட்கார்ந்து காதுகுத்துக்குப் பேனர் அடிக்க வேண்டியதுதான். வேலையில் குதித்துவிட்டாள்.

பழைய தளத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். எப்போதோ நடந்த விளையாட்டு விழாவுக்கு 'நியூ' என்று சிவப்பில் ஒன்று இன்னும் மினுக்மினுக்கென்று துடித்துக்கொண்டிருந்தது. எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருந்தன; படித்து முடிப்பதற்குள் ஓடிப்போயின. விண்ணப்பம் என்று அழுத்தினால் கோணலாக ஸ்கேன் செய்த ஒரு தாள் வந்தது. எல்லாவற்றையும் தூக்கிக் கடாசினாள். புதிதாக, பளபளவென்று, முத்து நிறத்தில் ஒன்றைச் செய்தாள். அப்புறம் பழக்கதோஷம் வேலையைக் காட்டியது.

முதல் பக்கத்தின் உச்சியில் பால்துரை அய்யா, பெரிதாக. அவருக்குக் கீழே அவர் மனைவி. அடுத்து சங்கரலிங்கம். அடுத்து அவருடைய தம்பிமார், அடுத்து மாப்பிள்ளைமார், முதல்வர், துணை முதல்வர், ஒவ்வொரு துறைத் தலைவரும். ஒருவர் தலையும் இன்னொருவர் தலையைவிட மயிரிழை கூடக் குறையவில்லை. கல்லூரிக் கூட்டத்தில் திரையில் காட்டியபோது கைதட்டல் அடங்கவே நேரமானது. சங்கரலிங்கம் அன்றே அதைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஜெபசுதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மிதப்போடுதான் ஏரலுக்குப் போனாள். அங்கே அவள் அக்கா கிருபை தையல் கடை வைத்திருக்கிறாள். கிருபையின் மகளும் அந்த வருடம்தான் பிளஸ் டூ எழுதியிருந்தாள். கடையில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் கல்லூரிக்குப் போகவேண்டிய பிள்ளை இருந்தது. ஜெபசுதா போனை நீட்டினாள்.

"பாருங்க, நம்ம கைவேலை!"

போன் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. "இந்தப் பெரியவரு நல்ல அம்சமா இருக்காவ." "இது அவுக மருமகன்லா? முத்தையாபுரத்துல கல்யாணம் நடந்துச்சே!" "இந்த டீச்சர் கட்டியிருக்க சேலை என்ன வெலை இருக்கும்?" எல்லாருமாகக் கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் ரசித்துப் பார்த்தார்கள். பார்த்து முடித்து, போனைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜாக்கெட் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஜெபசுதாவுக்கு ஒரு மாதிரி இருந்தது. "ஏக்கா, அதுல பி.காம் இருக்கான்னு பாத்தியா?" என்றாள்.

கிருபை வாயில் இருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டுச் சொன்னாள்: "ஏளா சுதா, பத்திரிகை ரொம்ப நல்லாத்தான் அடிச்சிருக்க. பெரியப்பா, சித்தப்பா ஒருத்தரும் விட்டுப்போகல. ஆனா மண்டபம் எங்கன இருக்குன்னு போட மறந்துட்டியே!"

கடையே சிரித்தது. ஜெபசுதாவும் சிரித்தாள், ஆனால் முகம் சுட்டது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருப்பவர்களுக்காகத்தான் பத்திரிகை. கல்லூரித் தளம் அதில் பெயர் இல்லாத ஒரு பிள்ளைக்காக அல்லவா? இத்தனை நாள் தொழிலில் கற்ற கெட்டிக்காரத்தனம் முழுவதையும் தவறான இடத்தில் கொட்டியிருக்கிறோம் என்று அவளுக்குப் பொட்டில் அடித்தாற்போல் புரிந்தது. அங்கேயே அந்தப் பெண்களை மறுபடி உட்கார வைத்து, உங்களுக்கு என்ன தெரியவேண்டும் என்று கேட்டாள். மார்க் எவ்வளவு, என்ன பாடம், எவ்வளவு ஃபீஸ் என்றெல்லாம் பிறகுதான் வந்தது. ஒருத்தி பாக்கியில்லாமல் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "எங்க ஊருக்குப் பஸ் வருமா? பிள்ளை இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேந்திருமா?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மனசுக்குள் புதுப் பக்கம் கிடுகிடுவென்று உருவாகிக்கொண்டிருந்தது. படங்கள் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஆனால் யாரிடம் போய், உங்கள் அப்பா படத்தை எடுக்கப்போகிறேன் என்று சொல்வது?

நேரே மளிகைக் கடைக்கே போனாள். சங்கரலிங்கம் கல்லாவில் இருந்தார். "வா தாயி, நம்ம வெப்சைட்டப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு" என்று வரவேற்றார். ஜெபசுதா நின்ற வாக்கிலேயே ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, நீங்க எனக்காக ஒண்ணு செய்யணும். ஓட்டப்பிடாரத்துல ஒரு பிள்ளை நம்ம காலேஜ்ல பி.காம் சேரணும்னு நிக்கி. காலைல பஸ் எப்ப வரும்னு உங்க போன்ல பாத்துச் சொல்லுங்க."

"இதென்ன பெரிய காரியம்" என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலால் தள்ளினார். அப்பா வந்தார். அம்மா வந்தாள். அவரே வந்தார். தம்பிமார் வந்தார்கள், மாப்பிள்ளைமார் வந்தார்கள். மேலே போனார், கீழே வந்தார். முதல்வர் சிரித்தார், துணை முதல்வர் சிரித்தார். பஸ் வரவில்லை. அவருக்கு மூக்குமேல் கோபம் வந்து, கல்லூரி அலுவலகத்துக்கே போன் போட்டார். லைன் பிசி. மறுபடி போட்டார். மறுபடியும் பிசி.

"என்ன கருமம்மா இது! என் காலேஜ்ல பஸ் எப்ப வரும்னு எனக்கே தெரிய மாட்டேங்கு! எங்கப்பா இருக்கும்போது இந்தக் கூத்து உண்டா? அட்மிஷன் நேரம் பூரா கேட்லயே நிப்பாவ. வாரவங்ககிட்ட மொதல்ல கேக்கது ஒரே கேள்விதான், எந்த ஊர்லருந்து வாரியன்னு. ஊரச் சொன்னா பஸ்ஸச் சொல்லிருவாவ. மார்க்கெல்லாம் அப்புறந்தான் கேப்பாவ."

ஜெபசுதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "அண்ணாச்சி! அதான்! அதையேதான் போடப்போறேன்!" என்று கத்தியேவிட்டாள். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். முதல் பக்கத்தில் அந்த ஒரு கேள்வி மட்டும். கீழே ஊர்கள். ஊரைத் தொட்டால் கல்லூரி பஸ் எங்கே நிற்கும், எப்போது வரும், சாயங்காலம் எப்போது கொண்டுவந்து விடும், கல்லூரி பஸ் ஓடாத நாளில் எந்த டவுன் பஸ்ஸில் ஏறி எங்கே இறங்கவேண்டும் என்று வரும். அப்புறம் பாடங்கள், கட்டணம், போனிலேயே விண்ணப்பம். கனமான படம் எதுவும் இல்லாததால் சிக்னல் கிடைக்காத ஊரிலும் சட்டென்று திறக்கும்.

சங்கரலிங்கம் தலையாட்டிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "எல்லாம் சரி. எங்கப்பா படம்?"

"வேற பக்கத்துல வச்சிருவோம் அண்ணாச்சி. எல்லார் படத்தையும். முதல் பக்கத்துல வேண்டாம்."

அவர் சுவரைப் பார்த்தார். அங்கே மாலை போட்ட படத்தில் பால்துரை இருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். பிறகு, "மாப்பிள்ளைமாருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றார். "ஆனா ரிசல்ட் அன்னைக்குப் பாப்பேன். சரியா வரலன்னா எங்கப்பா படம் பழையபடி உச்சிக்கு ஏறிரணும். நீயும் வேற சோலியப் பாக்கவேண்டியதுதான்."

புதுப் பக்கத்தை ஏற்றியாகிவிட்டது. ரிசல்ட் நாளும் வந்தது. ஊரே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற காலை அது. ஜெபசுதா விடிந்ததும் கல்லூரிக்கு வந்துவிட்டாள். அலுவலகத்தில் போன் எடுக்கிற செல்வராணி, தொண்டைக்கு வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். போன வருடம் இந்த நாளில் பேசிப் பேசி அவளுக்குக் குரலே கட்டிப்போனதாம்.

முடிவுகள் வெளியாகிவிட்டன. போன் அடிக்கவில்லை.

செல்வராணி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். உயிர் இருந்தது. வைத்தாள். சங்கரலிங்கம் வந்து எதிரே நாற்காலியில் அமர்ந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஜெபசுதா பையிலிருந்து போனை எடுத்தாள். தளம் படுத்துவிட்டதா? தன் போனில் திறந்து பார்த்தாள், திறந்தது. அப்படியானால் யாருக்குமே இந்தக் கல்லூரி வேண்டாமா?

போன் அடித்தது! மூன்று பேரும் துள்ளினார்கள். ஜெபசுதா எடுத்தாள். கிருபை. "ஏளா, பாப்பா பாஸ்! நல்ல மார்க்கு! ஒன் போன் கெடைக்கலன்னு இதுல அடிச்சேன்!"

"ரொம்ப சந்தோசம்க்கா, அப்புறம் பேசுதேன்" என்று வைத்தாள். சந்தோசம்தான், ஆனால் அதைக் கொண்டாட இப்போது நெஞ்சில் இடமில்லை.

"ஒரு போனும் வரலையேம்மா" என்றார் சங்கரலிங்கம். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் வதைத்தது.

"எதுக்கு அண்ணாச்சி போன் பண்ணப்போறாங்க?" என்று சும்மா ஏதோ சொல்லவேண்டுமே என்று சொன்ன செல்வராணி, தன் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தாள், அப்படியே திகைத்துப்போனாள். "சுதாக்கா, இங்க வாங்க. இங்க வாங்களேன்!"

விண்ணப்பங்கள் வந்து விழும் பக்கம் அது. மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதுவரை அதை ஒருவரும் திறக்கவே இல்லை. ஓட்டப்பிடாரம், பி.காம். ஏரல், கணிதம். குரும்பூர், ஆங்கிலம். மறுபடி ஓட்டப்பிடாரம். செல்வராணி பக்கத்தைப் புதுப்பித்தாள். மேலே இன்னும் மூன்று ஏறியது. குளத்தூர், சாயர்புரம், வேப்பலோடை. புதுப்பித்தாள். இன்னும் ஏறியது. சங்கரலிங்கம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டினார். "இது நெசமான பிள்ளைகளா? அட, இது வேப்பலோடைல்லா! அங்கருந்து நமக்கு ஒரு பிள்ளையும் வந்ததில்லையே!" ஜெபசுதா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. செல்வராணியைக் கட்டிப்பிடித்ததில் வெந்நீர் ஃபிளாஸ்க் உருண்டது. அக்காவுக்குப் போன் போட்டு, பாப்பா மார்க்கை இன்னொரு தடவை, இந்த முறை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள்.

வெளியே கேட்டுப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. மூவரும் வாசலுக்கு வந்தார்கள். சாலையில் டவுன் பஸ் ஒன்று அப்போதுதான் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய ஒரு தாயும் மகளும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். காவலாளி இசக்கியப்பன், பால்துரை காலத்து ஆள், பழக்கம் மாறாமல் கேட்டார்:

"எந்த ஊர்லருந்து வாரிய?"

"அதான் வீட்டுலயே கேட்டாச்சே!" என்றாள் அந்தத் தாய். "ஊரச் சொன்னோம், பஸ்ஸச் சொன்னிய. ஏறி வந்துட்டோம்."

இசக்கியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வீட்டுலயா? யாரும்மா வந்து கேட்டா?"

ஜெபசுதா போனைக் காட்டிப் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சங்கரலிங்கம் அவளைத் தாண்டிப் போய், கேட்டின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து இழுத்தார்.

"எங்கப்பா கேட்டிருப்பாவ" என்றார். "நீ அந்தப் பக்கத்தத் தொற, இசக்கி."