காருக்கு வார்த்த அம்மை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், அப்பா விட்டுப்போன புளியந்தோப்பை விற்று ஒரு புதுக் கார் வாங்கினேன். கல்யாண வாடகைக்கு ஓட்டத்தான். தர்மபுரிப் பக்கம் கல்யாணப் பெண்ணைக் காரில் ஏற்றிக் கோயிலுக்கு அழைத்துப் போவது அப்போதுதான் வசதியுள்ளவர்கள் வீட்டில் தொடங்கியிருந்தது. பளபளவென்று கறுப்பு வண்டி. சேலத்து ஏஜெண்டு அதன் பானெட்டைத் தட்டிக்காட்டி, "ஒரு வருஷம் கேரண்டி சார். பெயிண்ட்டுல ஒண்ணு ஆச்சுன்னா நாங்க பொறுப்பு" என்றார். பேச்சில் தேன் ஒழுகியது.

கார்த்திகை பிறந்ததும் பானெட்டில் கொப்புளம் கிளம்பியது. முதலில் கடுகளவு, பிறகு மிளகளவு. பின்பக்கக் கதவிலும் வந்தது. தை முகூர்த்தங்களுக்கு முன்பணம் கொடுத்தவர்கள் வண்டியைப் புதுசாகப் பார்த்தவர்கள். அதற்குள் கம்பெனி பெயிண்ட் அடித்துத் தராவிட்டால் என் பிழைப்பு போச்சு. அன்றே தொப்பூர் மலையிறங்கிச் சேலத்துக்கு ஓட்டிப்போய்க் காட்டினேன்.

ஏஜெண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதப் பாக்க மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வரணும் சார். உங்க ஊருக்கே அனுப்பறேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க."

கை வைக்காமல் காத்திருந்தேன். கார்த்திகை போய் மார்கழியும் பாதி கழிந்தது. இரண்டு முறை போய்க் கேட்டேன், இரண்டு முறையும் "வந்துட்டே இருக்கார்" என்றார். எங்கிருந்து வந்துகொண்டிருந்தாரோ, நடந்தா வந்தார்?

என் மனைவிக்கு அந்தக் கொப்புளங்களைப் பார்க்கவே பயம். அடுத்த தெருவில் அம்மை கண்டிருந்த நேரம் அது. "ஏனுங்க, இது பெயிண்ட்டு இல்லைங்க. ஆத்தா வந்திருக்கா" என்றாள். இரும்புக்கு எங்கேயடி ஆத்தா வருவாள் என்று கத்தினேன். வெள்ளிக்கிழமை நான் குளிக்கப் போன நேரத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கரைத்து பானெட் முழுக்க ஊற்றிவிட்டாள்.

மெட்ராஸ்காரர் அன்றைக்குத்தானா வர வேண்டும்!

அவர் பானெட்டில் விரலை வைத்தார். விரல் மஞ்சளாக வந்தது. "என்னம்மா இது?"

"ஆத்தாளுக்குங்க. மூணு தண்ணி ஊத்துனா எறங்கிருவா" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"பாத்தீங்களா சார், கண்டத ஊத்திப் பெயிண்ட்டக் கெடுத்துட்டு கேரண்டி கேட்டா எப்படி?"

"கொப்புளம் கார்த்திகையிலேயே வந்ததுங்க. சேலத்துல காட்டியிருக்கறேன். இந்தப் பின்கதவுல ஒரு சொட்டு மஞ்சள் படலைங்க. அதுல எப்படி வந்தது, சொல்லுங்க!"

அவர் கதவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "வெயில்ல நிறுத்தியிருப்பீங்க. கேரண்டி பெயிண்ட்டுக்குத்தான் சார், வெயிலுக்கு இல்ல."

மார்கழிப் பனியில் வெயிலாம்! நாக்கூசாமல் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அவர் மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். "சாமிக்குச் செஞ்சதப் போயித் தப்புங்கறீங்களே" என்று அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது. பெயிண்ட்காரன் யாரும் தைக்குள் முடித்துத் தர ஒப்பவில்லை.

தை முதல் முகூர்த்தம் மாரண்டஹள்ளியில். மஞ்சளைத் துடைத்து, சாமந்தி மாலை கட்டி, விடிவதற்குள் பெண் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவந்த தாயார் பானெட்டில் இருந்த கொப்புளங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"ஆத்தா குடியிருக்கற வண்டிங்க இது. இதுல எப்படிங்க எம் பொண்ணு காலு வெச்சு ஏறுவா?"

"அம்மா, அது வெறும் பெயிண்ட்டுங்க. கம்பெனிக்காரன் செஞ்ச மோசம்."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்ணையும் கும்பிட வைத்தார். முன்பக்கம் ஒரு வேப்பங்கொத்தைச் செருகி, தேங்காய் உடைத்து வைத்துவிட்டு, பெண்ணை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

காலி வண்டியோடு திரும்பினேன். வழியெல்லாம் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் காரைக் கும்பிட்டார்கள். அந்தத் தை முழுக்கக் கும்பிட்டார்கள். ஏறத்தான் ஒருவரும் வரவில்லை.