சாப்பிட்டீர்களா என்று கேட்ட விளம்பரம்

மலையேறிக் களைத்த கால்களுக்கான மசாஜ் கருவி ஒன்றுக்கு வட்டக்கானலில் ரீல்ஸ் விளம்பரம் எடுத்தேன். அதில் பேசியவர் பாதையோரம் பிரெட் ஆம்லெட் விற்கும் அக்கா. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் மப்ளர், கேமராவுக்குக் கொஞ்சமும் அசராத முகம்.

நான் எழுதிக் கொடுத்ததை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு டேக்கையும் "சாப்டீங்களா?" என்றுதான் தொடங்கினார். கேட்டதும் தலையைச் சாய்த்துப் பேசாமல் நிற்பார். பிறகுதான் கருவியைக் கையில் எடுப்பார்.

"அக்கா, போன் பதில் சொல்லாது. வெரசா பொருளைச் சொல்லுங்க. இல்லன்னா தள்ளிவிட்டுப் போயிருவாங்க."

"போனையா கேட்டேன்? பாக்குறவங்களத்தான கேட்டேன். கேட்டுட்டு, பதில் சொல்ல விடாம என் சோலியப் பேசுனா யாரு நிப்பா?"

விளம்பரத்தில் நான் கெட்டி. எடிட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அறைக்கு வந்ததும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். வாங்கி வந்த பரோட்டா பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. வெட்ட வேண்டிய இடம் வந்தது. திரையில் அக்கா "சாப்டீங்களா?" என்று கேட்டுத் தலையைச் சாய்த்தார்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் அறையில் யாருமில்லை என்பது உறைத்தது. அந்த இடத்தை நான் வெட்டவில்லை.